குறிப்புக் கட்டத்தில் ஒரு பெயர்

கொல்கத்தாவில் உள்ள எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலரில் பணி ஓய்வு பெற்றவர்கள் எழுதுவதற்கென்று சில பக்கங்கள் உண்டு. பாங்க்கில் முப்பத்தைந்து வருடம், ரயில்வேயில் முப்பத்தெட்டு வருடம் என்று இருந்தவர்கள் எழுதுவார்கள். இந்த முறை என்னைக் கேட்டிருக்கிறார்கள். எனக்கு வயது முப்பத்திரண்டு. மொத்த சர்வீஸ் ஏழு வருடம். வழியனுப்பு விழாவெல்லாம் கிடையாது. போன மாதம் நான் செய்துகொண்டிருந்த வேலையே இல்லாமல் போய்விட்டது. எட்டுப் பேர் மாற்றி மாற்றி உட்கார்ந்து பார்த்துக்கொண்ட இயந்திரங்களை இப்போது ஒரு மென்பொருள் பார்த்துக்கொள்கிறது. "வேலையை நீ விட்டா என்ன, வேலை உன்னை விட்டா என்ன, ரெண்டும் ரிடையர்மென்ட்தான். எழுதும்மா" என்றார் மலர்க் குழுவில் இருக்கும் மாமா. கடைசியாகச் சேர்ந்த இரண்டு பயிற்சிப் பெண்களும் போகும்போது கேட்டார்கள், அந்த அறையில் நீங்களெல்லாம் அப்படி என்னதான் செய்தீர்கள் என்று. நான் அவர்களுக்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை. இங்கே சொல்லிப் பார்க்கிறேன்.

ஒரு கடையின் வலைத்தளத்தில் 'நீலப் புடவை' என்று தட்டினால் கண்மூடித் திறப்பதற்குள் நீலப் புடவைகள் வந்து நிற்கின்றன. அந்தத் தேடலைக் கடைக்காரர் நடத்துவதில்லை. அவருடைய சரக்குப் பட்டியலை எங்களைப் போன்ற ஒரு கம்பெனியிடம் கொடுத்துவிடுவார். நாங்கள் அதை எங்கள் இயந்திரங்களில் வைத்து, கேட்டால் எடுத்துக் கொடுப்போம். கடைகள், பத்திரிகைகள், ஆஸ்பத்திரிகள், வேலைவாய்ப்புத் தளங்கள் என்று இருநூற்றுச் சொச்சம் பேர் எங்களிடம் இருந்தார்கள். சுவரில் ஒரு பெரிய திரை. ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு சிறிய கட்டம்.

கட்டத்துக்கு மூன்று நிறம். ஒவ்வொரு தரவுக்கும் வேறொரு இயந்திரத்தில் ஒரு நகல் இருக்க வேண்டும், இருந்தால் பச்சை. நகல் இல்லாமல் மூலம் மட்டும் தனியாக நின்றால் மஞ்சள். மூலமே போய்விட்டால் சிவப்பு. என் ஏழு வருடத்தையும் இந்த நான்கு வாக்கியத்தில் அடக்கிவிடலாம். கோவில்பட்டியில் இருக்கும் அம்மாவுக்கு என் வேலையில் புரிந்தது இது ஒன்றுதான். தினமும் போனில் முதல் கேள்வி, "ஏட்டி, மெசினெல்லாம் பச்சையா இருக்கா?" இருக்கிறது என்பேன். "அப்ப சாப்பிட்டுட்டுப் படு" என்பாள். என்னைப் பற்றித்தான் விசாரிக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். நேராகக் கேட்டால் அழுதுவிடுவேனோ என்று பயம்.

வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கல்லூரி முடித்து, வளாகத் தேர்வில் வேலை கிடைத்து, சென்னை வேண்டுமா கொல்கத்தா வேண்டுமா என்று கேட்டபோது, தெரியாத ஊர்தான் வேண்டும் என்று கையைத் தூக்கியவள் நான். கூட வந்த தோழியும் நானும் பெஹாலாவில் ஓர் அறை எடுத்தோம். எட்டு மாதத்தில் அவள் பெங்களூருக்குப் போய்விட்டாள். நான் அதே அறையிலேயே இருந்தேன். ஆபீஸ் சால்ட் லேக்கில். இரண்டு பஸ், ஒன்றரை மணி நேரம். பக்கத்து வீட்டுக் காக்கிமா, அதாவது சித்தி, வங்காளியில் கேட்பதற்கு நான் இந்தியில் பதில் சொல்வேன். இருவருக்கும் பாதி புரியும், அதுவே போதுமானதாக இருந்தது.

பயிற்சியில் கற்றது எல்லாம் மறந்துவிட்டது. மௌஷுமிதி கற்றுக்கொடுத்தது ஒன்று மறக்கவில்லை.

மௌஷுமிதி எங்கள் அறைக்குத் தலைவி. மௌஷுமி அவர் பெயர், 'தி' என்றால் அக்கா. நாற்பத்தைந்து வயது, ஜாதவ்பூரில் வீடு, பால் இல்லாத தேநீர், எப்போதும் பருத்திப் புடவை. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. எதையாவது அழிக்கும் கட்டளை, மாற்றும் கட்டளை என்றால் அவரிடம் ஒரு முறை உண்டு. கட்டளையைத் திரையில் முழுதாக எழுத வேண்டும். என்டர் தட்டக் கூடாது. "ஹாத் கோலே" என்பார்; கையை மடியில் வை என்று அர்த்தம். கையை மடியில் வைத்துக்கொண்டு, எழுதியதை ஒவ்வொரு எழுத்தாக உரக்கப் படிக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவர் திரையைப் பார்க்காமல் காதால் மட்டும் கேட்டு, எந்த வாடிக்கையாளர், எந்த இயந்திரம், என்ன நடக்கப் போகிறது என்று திருப்பிச் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால்தான் கை மேலே வரும். பிறகு படிவத்தில் இரண்டு கட்டங்கள்: செய்தவர், கேட்டவர். அதில் பெயர் எழுதுவதில்லை, எண்தான். நான் ஆப்ஸ்-4.

அவருக்கு இன்னொரு வழக்கமும் இருந்தது. ஏதாவது கெட்டுப்போனால் 'யார்' என்ற சொல்லை அவர் பயன்படுத்தவே மாட்டார். என்ன நடந்தது, எப்படி நடந்தது, அடுத்த முறை எப்படித் தடுப்பது, இந்த மூன்றுதான். எங்கள் தொழிலில் பல இடங்களில் இது முறை. விபத்து அறிக்கையில் பெயர் வராது. பெயர் போட்டால் அடுத்தவன் தன் தப்பை மறைப்பான், மறைத்த தப்பைத் திருத்த முடியாது என்பது காரணம். அவர் முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு பையனின் பெயரை அறிக்கையில் போட்டு எல்லோருக்கும் அனுப்பினார்களாம். அதற்குப் பிறகு அந்த அறையில் யாருமே எதையும் ஒப்புக்கொள்ளவில்லையாம். சேர்ந்த புதிதில் இதைக் கேட்டபோது, இப்படியும் ஓர் இடமா என்று எனக்குப் புல்லரித்தது.

நான் வேகமானவள். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

மூன்றாவது வருடம். எங்களிடம் நாற்பது சின்ன வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். அவர்களுக்கெல்லாம் ஒற்றை இயந்திரம். நகல் வைக்க இரண்டாவது இயந்திரமே இல்லை என்பதால் அந்தக் கட்டங்கள் எப்போதும் மஞ்சளாகவே இருக்கும். மஞ்சள் வந்தால் அலாரம் அடிக்கும். ஒரு நாளைக்கு நாற்பது முறை அர்த்தமில்லாமல் அடிக்கும், நாங்களும் நாற்பது முறை நிறுத்துவோம். எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு பிற்பகல் உட்கார்ந்து சின்னதாக ஒரு நிரல் எழுதி, அந்த நாற்பது பேருடைய மஞ்சள் அலாரங்களையும் மொத்தமாக வாயடைக்க வைத்தேன். பதினோரு நிமிடத்தில் முடிந்தது. அறை அமைதியானது. எல்லோரும் கை தட்டினார்கள், யாரோ ஒரு பெட்டி சந்தேஷ் இனிப்பு வாங்கி வந்தார்கள்.

மௌஷுமிதி அன்று லீவு, அவருடைய அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். கேட்டவர் கட்டத்தில் யாராவது எண் போட வேண்டும். வெறும் அலாரம்தானே, எதையும் அழிக்கவில்லையே என்று நானே போட்டேன். செய்தவர்: ஆப்ஸ்-4. கேட்டவர்: ஆப்ஸ்-4.

நான் உரக்கப் படித்திருந்தால், கேட்டவர் நிச்சயம் ஒன்று கேட்டிருப்பார்: மஞ்சள் வகையில் வேறென்ன அலாரம் இருக்கிறது? 'நேற்றைய பேக்கப் எடுக்கப்படவில்லை' என்ற அலாரமும் மஞ்சள்தான். நகல் இயந்திரம் இல்லாத அந்த நாற்பது பேருக்கும் தினசரி பேக்கப் ஒன்றுதான் காப்பு.

இரண்டு வருடம் ஒன்றும் நடக்கவில்லை. ஐந்தாவது வருட துர்கா பூஜை வந்தது. பூஜை டியூட்டி எப்போதும் எனக்குத்தான். மற்றவர்களுக்குக் குடும்பம், பந்தல், புதுத்துணி எல்லாம் உண்டு. எனக்கு அந்த நாட்களில் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கும், அவ்வளவுதான். சப்தமி அன்று காலை அந்த மாடி முழுவதிலும் நானும் வாசலில் செக்யூரிட்டிக்காரரும் மட்டும். ஒன்பதேகாலுக்கு ஒரு கட்டம் சிவப்பானது. கிடர்பூரில் இருந்த ஒரு சின்ன வாடிக்கையாளர். அந்த ஒற்றை இயந்திரத்தின் டிஸ்க் செத்துவிட்டது.

மௌஷுமிதிக்கு போன் போட்டேன். பின்னால் டாக்கு மேளம். வெளியே வந்து, சத்தம் குறைந்த இடமாகப் பார்த்து நின்று, முதலில் கேட்டது, "ஹாத் கோலே?"

"கோலே, தி."

"சரி, என்ன தெரியுது, சொல்லு. என்ன நினைக்கிறேங்கிறது வேணாம்."

வெள்ளைப் பலகையில் மணியையும் கண்ணில் பட்டதையும் எழுதச் சொன்னார். செத்த டிஸ்க்கைத் தொடக் கூடாது. புது இயந்திரம் ஒன்றை எழுப்பு. பேக்கப்பைப் பழைய பெயரின் மேல் இறக்காதே, பக்கத்தில் வேறு பெயரில் இறக்கு. எத்தனை பதிவுகள் வந்தன என்று எண்ணு. அதில் மூன்றைத் திறந்து கண்ணால் பார். எல்லாம் சரியாக இருந்தால்தான் வாடிக்கையாளரின் வாசல் பலகையை, அதாவது தேடல் போய்ச் சேரும் முகவரியை, புது இடத்துக்குத் திருப்பு. ஒவ்வொரு கட்டளையையும் நான் எழுத்தெழுத்தாகப் படித்தேன். அவர் தெருவில் நின்றபடி திருப்பிச் சொன்னார். இவ்வளவு துல்லியமாக ஒரு வேலையை நான் அதற்கு முன்னும் செய்ததில்லை, பின்னும் செய்ததில்லை.

எண்ணிக்கை சரியாக இருந்தது. மூன்றைத் திறந்தேன். பெயர், கப்பல், துறைமுகம் எல்லாம் இருந்தன. கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம். மூன்றிலும் அது காலி. அப்போதுதான் பேக்கப்பின் தேதியைப் பார்த்தேன். பிப்ரவரி. பேக்கப் போய்ச் சேரும் கிடங்கின் சாவியை பிப்ரவரியில் மாற்றியிருந்தார்கள். இவர்களுடைய பேக்கப்புக்கு மட்டும் புதுச் சாவி கொடுக்கப்படவில்லை. அன்றிலிருந்து தினமும் ஒரு முறை அலாரம் எழுந்திருக்கிறது. தினமும் நான் எழுதிய நிரல் அதன் வாயை மூடியிருக்கிறது.

மௌஷுமிதியிடம் சொன்னேன். "எழுது. பேக்கப் பிப்ரவரியோட நின்னிருக்கு. அலாரம் வரல. ஏன் வரலைன்னு அப்புறம் பார்ப்போம்" என்றார். இருக்கிற பிப்ரவரித் தரவுக்கே வாசல் பலகையைத் திருப்பச் சொன்னார், திருப்பினேன். அலாரம் ஏன் வரவில்லை என்பது அந்த நிமிடமே எனக்குத் தெரியும்.

கொஞ்ச நேரத்தில் வாடிக்கையாளரே கூப்பிட்டார். ஒரு பெண் குரல், உருது கலந்த இந்தி. ருக்சானா என்று பெயர் சொன்னார். மிக மரியாதையாகக் கேட்டார்: காலையில் நான் தேடும் பெயர் இன்று வரவில்லை, கொஞ்சம் பார்க்க முடியுமா?

அவர்கள் யார் என்பதை நான் அதன்பிறகுதான் தெரிந்துகொண்டேன். கிடர்பூர் துறைமுகத்திலிருந்து கப்பலேறிப் போன தொழிலாளர்களின் குடும்பங்கள் சில சேர்ந்து, ஒரு கயிற்றுக் கடையின் மாடியில் ஓர் அறை வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு கப்பல்காரரிடமும் ஒரு சர்வீஸ் புத்தகம் இருந்திருக்கிறது. எந்தக் கப்பல், எந்த வருடம், எங்கே இறங்கினார் என்று முத்திரை குத்திய புத்தகம். ருக்சானா ஆபா, ஆபா என்றால் அக்கா, ஸ்கூல் டீச்சர். சாயங்காலங்களில் அந்தப் புத்தகங்களை ஒவ்வொன்றாகக் கணினியில் ஏற்றியவர். பிப்ரவரிக்குள் அது முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் செய்தது வேறு. டாப்லெட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், உயிரோடு இருக்கும் கிழவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் சொல்லச் சொல்லக் குறிப்புக் கட்டத்தில் தட்டியிருக்கிறார். பேப்பரில் எழுதவில்லை. பேப்பர்தான் கரையான் தின்கிறது, இது பத்திரம் என்று எங்கள் விற்பனைப் பிரிவு ஆள் சொல்லியிருந்தார்.

அந்தக் குறிப்பில்தான் உயிர் இருந்தது. ஏனென்றால் பல பேர் தங்கள் பெயரில் கப்பலேறவில்லை. புத்தகம் கிடைக்காதவன் அண்ணனுடைய புத்தகத்தில், மைத்துனனுடைய புத்தகத்தில் ஏறிப் போயிருக்கிறான். பதினைந்து வருடம் வேறொருவன் பெயரிலேயே வாழ்ந்திருக்கிறான். புத்தகத்தில் இருப்பது ஒரு பெயர், போனது வேறு ஆள். உண்மையில் போனவன் யார் என்பது குறிப்பில் மட்டும்தான் இருந்தது. குறிப்பு போனதும் அவர்கள் போய்விட்டார்கள். மகளோ பேரனோ வந்து அப்பா பெயரைத் தட்டினால் 'எதுவும் கிடைக்கவில்லை' என்று வரும்.

பூஜை முடிந்து அறிக்கை எழுதினோம். மௌஷுமிதிக்கு நிரல் கிடைத்தது, படிவமும் கிடைத்தது. இரண்டு கட்டத்திலும் ஆப்ஸ்-4 என்று இருப்பதை அவர் பார்த்ததை நான் பார்த்தேன். அவர் எழுதினார்: 'ஓர் ஆபரேட்டர், பழைய அலாரம் ஒன்றை நிறுத்தும்போது, எதிர்பாராத வகையில் பேக்கப் அலாரத்தையும் நிறுத்த நேர்ந்தது. இரண்டாம் நபர் சரிபார்ப்பை இனி மென்பொருளே கட்டாயமாக்கும்.' பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஒரு காற்புள்ளியைத் திருத்தினேன். அதுதான் முறை. சரியான முறை என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் அறையில் ஒருவரும் என்னைத் திட்டவில்லை, ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை, டீ இடைவேளையில் வழக்கம்போலப் பேசினார்கள். திட்டு வாங்காத தப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அம்மா போனில் பச்சையா என்று கேட்டாள். பச்சைதான் என்றேன்.

பழைய தேடல்களின் பதிவு எங்களிடம் இருந்தது. மெதுவாக வந்த தேடல்களை மட்டும் ஒரு தனிக் கோப்பில் சேர்ப்போம்: என்ன தட்டினார்கள், எத்தனை மணிக்கு, எத்தனை கிடைத்தது. ஆபாவின் இயந்திரம் பழையது என்பதால் ஏறக்குறைய எல்லாத் தேடலும் அதில் விழுந்திருந்தது. அப்போதே கிடைக்காத பெயர்களைத் தள்ளிவிட்டு, அப்போது கிடைத்து இப்போது காணாமல்போனவற்றை மட்டும் நான்கு நாளில் பிரித்தெடுத்தேன். தொண்ணூற்று நான்கு பெயர்கள். புத்தகங்கள் அங்கே உண்மைப் பெயர் இல்லாமல் இருந்தன. இங்கே புத்தகமில்லாத பெயர்கள். எந்தப் பெயர் எந்தப் புத்தகத்துக்கு என்பதை ஆபாவின் ஞாபகத்தில்தான் தேட வேண்டும்.

பிரிக்கும்போது ஒன்று கண்ணில் பட்டது. அப்துல் மாலிக் என்ற பெயர் மட்டும் மறுபடி மறுபடி வந்துகொண்டிருந்தது. தினமும் காலை பத்து மணிக்கு, ஞாயிறு உட்பட, ஒரே தேடல். ஒன்று கிடைத்தது, ஒன்று கிடைத்தது, ஒன்று கிடைத்தது. ஜூலை நடுவிலிருந்து ஒரு நாள் தவறவில்லை. சப்தமி அன்று பத்து மணிக்கு அதே பெயர். பூஜ்யம். அடுத்த ஒரு மணி நேரத்தில் இன்னும் ஆறு முறை பூஜ்யம்.

சனிக்கிழமைகளில் கிடர்பூருக்குப் போக ஆரம்பித்தேன். பெஹாலாவிலிருந்து ஒரே பஸ். லாரிகளுக்கும் கைவண்டிகளுக்கும் நடுவே நுழைந்து, கயிற்றுக் கடை, அதற்குப் பக்கத்தில் செங்குத்தான மரப்படி. ஆபாவுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். கம்பெனியே என்னை அனுப்புகிறது என்று நினைத்துக்கொண்டார். நானும் திருத்தவில்லை. பெயர்ப் பட்டியலை நான் படிப்பேன், அவர் கண்ணை மூடிக்கொண்டு யோசிப்பார். "இது வாட்கஞ்ச் தையக்காரர் வீட்டுக் கிழவர். மச்சான் புத்தகத்துல போனவரு. பல்லே கிடையாது, ஆனா பேச்சு மட்டும் நிக்காது" என்று ஒவ்வொன்றாக எடுப்பார். சாயா வரும், பிஸ்கட் வரும். நான் தலை குனிந்தால், "மெஷின் செத்ததுக்கு நீ என்ன பண்ணுவே பேட்டா, மனுசங்களே செத்துப்போறாங்க" என்று மகளிடம் சொல்வதுபோலச் சொல்வார்.

அப்துல் மாலிக் யார் என்று நான் கேட்கவில்லை. அவரே ஒரு நாள் சொன்னார். அவருடைய அப்பா. பெரியப்பாவின் புத்தகத்தில் கப்பலேறியவர். ஆபாவுக்கு ஆறு வயதாகும்போது போனவர் திரும்பவில்லை. அப்பாவோடு கப்பலில் வேலை பார்த்த கரீம் சாச்சா என்பவரை ஜூலையில் கண்டுபிடித்திருக்கிறார். அவர் இரண்டு மணி நேரம் பேசியிருக்கிறார். ஆபா ஒன்றுவிடாமல் தட்டியிருக்கிறார். தட்டும்போது மனதில் எதையும் வாங்கவில்லை. வாங்கினால் கை நின்றுவிடும் என்று பயம். அப்புறம் நிதானமாகப் படித்துக்கொள்ளலாம் என்று வைத்தார். படிக்கத் துணிச்சல் வரவில்லை. தினமும் காலையில் பெயரைத் தட்டி, இருக்கிறது என்று பார்த்துவிட்டு மூடிவிடுவார். கரீம் சாச்சா ஆகஸ்டில் இறந்துவிட்டார்.

இதைக் கேட்ட பிறகு இரண்டு சனிக்கிழமை போய் சாயா குடித்தேன். மூன்றாவது சனிக்கிழமை குடிக்க முடியவில்லை.

"ஆபா, டிஸ்க் செத்தது மெஷின் தப்பு. பேக்கப் நின்னது ஏழு மாசம் யாருக்கும் தெரியாமப் போனது என் தப்பு. அந்த அலாரத்தை நான்தான் அணைச்சேன். ரெண்டாவது ஆள் பார்க்கணும். பார்த்ததா நானே எழுதிக்கிட்டேன்."

கீழே கடையில் யாரோ கயிறு அளந்து குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆபா கேட்டார்.

"கரீம் சாச்சா பேசிக்கிட்டிருந்தப்போ அந்த அலாரம் அடிச்சுக்கிட்டுதான் இருந்ததா?"

"ஆமா ஆபா. தினம் ஒரு தடவை. யாருக்கும் கேட்காம."

"இன்னிக்குப் போ பேட்டா" என்றார்.

திங்கட்கிழமை மௌஷுமிதியிடம் போய், ஆபாவிடம் சொன்னதைச் சொன்னேன். வாடிக்கையாளரிடம் போய் இப்படிப் பேசியது கம்பெனி விதிக்கு விரோதம். அவர் மேலதிகாரிகளுக்கு எழுத வேண்டியது. தேநீரை நகர்த்தி வைத்துவிட்டு, இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நான் என் வாக்கியத்தை முதலிலிருந்து இன்னொரு முறை சொன்னேன். ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொன்னார். பிறகு, "அறிக்கையில உன் பேரை நான் போடமாட்டேன்" என்றார். மேலேயும் எழுதவில்லை. அதற்கப்புறம் நாங்கள் அதைப் பற்றிப் பேசியதில்லை.

அடுத்த சனிக்கிழமை மரப்படி ஏறினேன், பூட்டு தொங்கியது. கயிற்றுக் கடைக்காரர் என்னைப் பார்த்துவிட்டுக் கயிறு அளப்பதைத் தொடர்ந்தார். அங்கிருந்து பெஹாலா வரைக்கும் நடந்தேன். இந்த ஊரில் என்னைக் காணோம் என்று யாராவது தேடுவதானால் எந்தப் பெயரைத் தட்டுவார்கள் என்று யோசித்துக்கொண்டே போனேன். ஆபீஸில் நான் ஆப்ஸ்-4. வீட்டுக்காரருக்கு மேல் ரூம் மெட்ராஸி. என் முழுப் பெயரை உச்சரிக்கும் ஒரே ஆள் கோவில்பட்டியில் இருந்தாள். அவளும் ஏட்டி என்றுதான் கூப்பிடுவாள். ஒற்றை இயந்திரம், எப்போதும் மஞ்சள். சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் எரிந்தது.

அதற்கடுத்த சனிக்கிழமை கதவு திறந்திருந்தது. ஆபா கணினி முன்னால் இருந்தார். உட்காரச் சொல்லவில்லை. உங்கள் கம்பெனி அனுப்பிய அறிக்கையை மூன்று முறை படித்தேன் என்றார்.

"அதுல ஒரு பேர் கூட இல்லையே. எங்க ஆளுங்களாச்சும் அண்ணன் பேர்ல போனாங்க. நீங்க பேரே இல்லாமப் போறீங்க." திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னார். "உன் முழுப் பேர் என்ன?"

"இசக்கியம்மாள்."

"எழுத்து எழுத்தாச் சொல்லு."

சொன்னேன். பழக்கத்தில் என் இரண்டு கையும் மடியில் இருந்தன. அவர் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். அந்த அறையில் ஒரு வழக்கம் உண்டு, அது எனக்கு ஏற்கெனவே தெரியும். ஒவ்வொரு குறிப்பின் முடிவிலும் 'சொன்னவர்' என்று போட்டு, சொன்ன ஆளின் முழுப் பெயரை எழுத வேண்டும். பெயர் இல்லாமல் எதுவும் ஏறாது. காலியாகிப்போன இருநூற்றுப் பன்னிரண்டு குறிப்புக் கட்டங்களிலும் அன்று ஒரே வரியை ஏற்றினார்: 'இங்கே இருந்த குறிப்பு அழிந்தது. என்னால் அழிந்தது என்று சொன்னவர்: இசக்கியம்மாள்.'

"திரும்பக் கிடைக்கக் கிடைக்க இந்த வரியை எடுத்துடுவேன். நீ சனிக்கிழமை வா" என்றார்.

அன்று சாயா வரவில்லை. அதற்கப்புறம் நான்காவது சனிக்கிழமைதான் சாயா வந்தது. பிஸ்கட்டுக்கு இன்னும் இரண்டு மாதம் ஆனது.

அது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. போன மாதம் எங்கள் திரையைக் கழற்றிக்கொண்டு போனார்கள். புது மென்பொருள் அலாரம் அடிப்பதில்லை. கெட்டதைத் தானே சரிசெய்துவிட்டு, செய்தேன் என்று ஒரு வரி எழுதி வைக்கிறது. என்னைவிட வேகம். மௌஷுமிதி வேறு பிரிவுக்குப் போகிறார். பயிற்சிப் பெண்களுக்கு வேறு வேலை கொடுத்திருக்கிறார்கள். கடைசி நாள் நான் அடையாள அட்டையைக் கொடுப்பதற்கு முன்னால், ஏழு வருடப் பதிவுகளில் என் பெயரைத் தேடிப் பார்த்தேன். இல்லை. ஆப்ஸ்-4 ஆயிரக்கணக்கில் வந்தது, இசக்கியம்மாள் ஒன்றுகூட இல்லை. பெங்களூரிலிருந்து தோழி கூப்பிடுகிறாள், இங்கே வா, வேலை இருக்கிறது என்கிறாள். போகலாம், ஆனால் சனிக்கிழமை இருக்கிறது.

நேற்று ஆபாவின் தேடல் பெட்டியில் என் பெயரைத் தட்டினேன். எண்பத்தேழு வந்தது. இருநூற்றுப் பன்னிரண்டிலிருந்து அவ்வளவு குறைத்திருக்கிறோம். அம்மாவிடம் சொன்னேன், என் பேர் எண்பத்தேழு இடத்துல இருக்கும்மா என்று. பெருமைப்பட்டாள். எதற்கு என்று இன்னும் சொல்லவில்லை. இந்த மலரை அனுப்பினால் தெரிந்துகொள்வாள்.

இன்னும் முப்பது, நாற்பது குறையலாம். அதற்கு மேல் குறையாது. சொன்னவர்கள் இறந்துவிட்ட இடங்களில் அந்த வரி அப்படியேதான் இருக்கும். அதில் முதலாவது, ஆபாவுடைய பெரியப்பாவின் புத்தகம். ஆபா அதில் தன் ஞாபகத்தில் இருந்ததை மட்டும் எழுதியிருக்கிறார்: 'இதில் உள்ள பெயர் அண்ணனுடையது. போனவர் அப்துல் மாலிக். சொன்னவர்: கரீம். அவர் சொன்ன மற்றதெல்லாம் அழிந்தது. என்னால் அழிந்தது என்று சொன்னவர்: இசக்கியம்மாள்.'

காலை பத்து மணிக்கு யாராவது அங்கே அப்துல் மாலிக் என்று தட்டினால் இப்போது ஒன்று கிடைக்கிறது. அவர் பெயர் வரும்போதெல்லாம் அதற்குக் கீழே நானும் வருவேன்.